டீசல் கார் ஓடும்போதே ஆஃப் ஆகிறதா?
முதலில் நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பியது போலப் பட்டென்று நின்றால் பெரும்பாலும் எலக்ட்ரிக்கல். திக்கித் திணறி நின்றால் டீசல் வரத்து.

பட்டென்று நின்று, எஞ்சின் ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் கிராங்க் சென்சார் (எஞ்சின் சுழலும் வேகத்தை அறியும் சென்சார்) மேல்தான். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல கார்களில் 200 பக்கம் லேசாக எழும். அசையவே இல்லையென்றால் சென்சாரோ வயரோ போயிருக்கலாம். ஸ்கேனரில் பி0335 (கிராங்க் சென்சார் சர்க்யூட் கோளாறுக்கான கோடு) வந்தாலும் உடனே சென்சார் வாங்கிவிடாதீர்கள். ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் சென்சாரின் கப்ளரை (வயர் இணைப்பை) ஆட்டுங்கள். எஞ்சின் நின்றால் கப்ளர் பின்னிலோ வயரிலோ லூஸ்.

திணறல் என்றால், ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் லோ பிரஷர் ஹோஸை மட்டும் கழற்றி, உள்ளே தெரியும் டீசல் ஹோஸ் மாட்டுங்கள். விடாமல் குமிழி ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது. சமீபத்தில் ஃபில்டர் மாற்றியிருந்தால் அதன் ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) முதலில் பாருங்கள். குமிழியே இல்லாமல் பி0087 (டீசல் பிரஷர் குறைவுக்கான கோடு) வந்தால் ஃபில்டர் அடைப்பாக இருக்கலாம்.