கார் மோதி அடிபட்டா, தப்பு டிரைவர் மேலதான்னு காட்டறது எப்படி

நம்ம தமிழ்நாட்டுல கார் மோதி அடிபட்டவங்க மோட்டார் வாகன சட்டம் 166வது பிரிவுல நஷ்டஈடு கேட்டு கேஸ் போட்டா, டிரைவரோட அஜாக்கிரதைதான் காரணம்னு நாமதான் காட்டணும். பயப்படாதீங்க, கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கே இடமில்லாம நிரூபிக்கணும்னு இல்ல, இப்படித்தான் நடந்திருக்கும்னு ட்ரிப்யூனலுக்கு (விபத்து நஷ்டஈடு கேஸை விசாரிக்கற தீர்ப்பாயம்) பட்டா போதும், சுப்ரீம் கோர்ட் 2009ல பிமலா தேவி கேஸ்லயே இதை தெளிவா சொல்லிடுச்சு.

நிறைய பேர் சாட்சி தேடித்தான் அலையறாங்க. என்னைக் கேட்டா முதல் நாள் பேப்பர்தான் கேஸே, அதுலயும் ஆஸ்பத்திரி ஏஆர் காப்பி, அதாவது அடிபட்டு வந்தவங்களைப் பத்தி டாக்டர் எழுதற விபத்துப் பதிவேட்டோட நகல். கேஷுவாலிட்டில டூட்டி டாக்டர் "எப்படி ஆச்சு"ன்னு கேப்பாரு, கூட்டிட்டு வந்தவர் பதட்டத்துல "வண்டில இருந்து விழுந்துட்டாருங்க"ன்னு சொல்லுவாரு, அவரும் அதையே எழுதிட்டு அடுத்த பேஷண்டைப் பார்க்கப் போயிடுவாரு. பின்னாடி இன்சூரன்ஸ் வக்கீல் முதல்ல தூக்கிக் காட்டறது அந்த ஒரு வரியைத்தான், தானா ஸ்கிட் ஆகி விழுந்தாரு, காரை அப்புறமா சேர்த்துட்டாங்கன்னு. அதனால எந்த இடம், எத்தனை மணி, கார் மோதிச்சு, நம்பர் தெரிஞ்சா நம்பர், இவ்வளவும் சொல்லி, எழுதறாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க.

அடுத்தது எஃப்ஐஆர். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்"னு எல்லா எஃப்ஐஆர்லயும் ஒரு அச்சு வாசகம் இருக்கும், அதை மட்டும் நம்பி இருக்காதீங்க. புகார்லயே விஷயத்தை எழுதுங்க: நீங்க எந்தப் பக்கம் போனீங்க, கார் எங்க இருந்து வந்துச்சு, ராங் சைடா, சிக்னல் ஜம்ப்பா, இண்டிகேட்டர் போடாம திரும்பினானா, நிறுத்தின கார்ல கதவைப் படக்குன்னு திறந்தானா. 2024 ஜூலைல இருந்து பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 281, 125 பிரிவுகள்லதான் பதிவாகும். ஐசியூல இருந்ததால புகார் லேட்டாச்சுன்னா அந்தக் காரணத்தையும் புகார்லயே எழுதிடுங்க, லேட் எஃப்ஐஆர்ங்கிற ஒரே காரணத்துக்காக கேஸைத் தள்ளக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2011லயே சொல்லியிருக்கு.

விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதற பார்வை மகஜரும், அங்க வரையற ரஃப் ஸ்கெட்ச்சும் ரொம்ப முக்கியம், யாரும் கண்டுக்கறதே இல்ல. 24 அடி ரோட்டுல, எதிர்ல வந்த கார் மோதின இடம் உங்க பக்க ஓரத்துல இருந்து 4 அடின்னு படத்துல இருந்தா, கார் நடு ரோட்டைத் தாண்டி உங்க பக்கம் வந்திருக்குன்னு அந்தப் படமே சொல்லிடும். அதனால போலீஸ் வரைய வர்றப்போ வீட்டுல யாராவது ஒருத்தர் அங்க இருங்க. உடைஞ்ச கண்ணாடி, பிரேக் போட்ட தடம் எல்லாத்தையும் வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடியே போன்ல போட்டோ எடுத்து வைங்க. அப்புறம் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட், அதுல பிரேக் கண்டிஷனும் எந்த வண்டிக்கு எங்க அடின்னும் இருக்கும். காரோட முன்பக்கம் நசுங்கி உங்க வண்டியோட பின்பக்கம் போயிருந்தா, பின்னாடி வந்து இடிச்சான்னு தனியா சாட்சி வைக்க வேண்டியதே இல்ல.

சிசிடிவிய ஒத்திப் போடாதீங்க, டீக்கடை, பங்க், எதிர்வீடு எல்லா இடத்துலயும் கொஞ்ச நாள்ல பழசு மேல புதுசு பதிவாகி அழிஞ்சுடும். போலீஸ்கிட்ட எழுத்துல கேளுங்க, நாமளே வாங்கினா பாரதிய சாக்ஷிய அதினியம் (புது சாட்சிய சட்டம்) 63வது பிரிவுல மின்னணு பதிவுக்குக் கேக்கற சர்டிபிகேட்டும் சேர்த்து வாங்கணும்.

எதிர்த்தரப்பு அடுத்து பிடிக்கறது "உங்க மேலயும் தப்பு இருக்கு"ங்கிறது. அவங்க பேச்சு எடுபட்டா 20, 30 சதவீதம்னு நஷ்டஈட்டைக் குறைச்சிடுவாங்க. ஆனா லைசென்ஸ் இல்ல, ட்ரிபிள்ஸ் போனீங்கங்கிறதாலயே உங்க தப்பு ஆகிடாது, அதுக்கும் விபத்துக்கும் சம்பந்தம் இருக்கணும்னு 2008, 2020 தீர்ப்புகள் இருக்கு, வக்கீல்கிட்ட ஞாபகப்படுத்துங்க. (ட்ரிபிள்ஸ் போகச் சொல்லல சாமி.)

சார்ஜ் ஷீட் கார் டிரைவர் மேல போட்டிருந்தா நமக்குப் பெரிய பலம், மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல அவரே தப்பை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டியிருந்தா அந்த உத்தரவு நகலையும் வாங்கிடுங்க. அங்க விடுதலை ஆனாலும் இங்க கதை முடியல, நம்ம ஊர் பஸ் கம்பெனி கேஸ் ஒண்ணுலயே 1980ல சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் சொல்லுச்சு. பெரும்பாலும் இன்சூரன்ஸ்காரங்க டிரைவரை சாட்சிக் கூண்டுக்கே கொண்டு வரமாட்டாங்க, ஏன் வரலன்னு உங்க வக்கீலை வாதத்துல கேக்கச் சொல்லுங்க.

எவ்வளவு தேடியும் அஜாக்கிரதைய காட்ட முடியாதுன்னு தோணுச்சுன்னா 164வது பிரிவு இருக்கு, யார் தப்புன்னு பார்க்காம பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம், உயிர் போயிருந்தா 5 லட்சம். மோதிட்டு ஓடின கார் எதுன்னே தெரியலன்னா அரசு திட்டத்துல பலத்த காயத்துக்கு 50 ஆயிரம், உயிர் போயிருந்தா 2 லட்சம்தான். எதுல போறதுன்னு முதல்லயே முடிவு பண்ணுங்க, 166ல போறதுன்னா விபத்து நடந்த 6 மாசத்துக்குள்ள பெட்டிஷன் உள்ள போயிடணும், விபத்து எந்த ஊர்ல நடந்திருந்தாலும் நீங்க குடியிருக்கற ஊர் ட்ரிப்யூனல்லயே போடலாம்.