கேம்பிங் டிரெய்லர் கதவுக்கு அலுமினியப் பட்டை: மலை மழைக்குத் தாங்கும்படி பொருத்துவது எப்படி

பிளைவுட்டில் கட்டிய டிரெய்லரில் பெரும்பாலும் முதலில் அழுகுவது கதவின் கீழ் விளிம்புதான். அதுவும் நீலகிரியில் சீக்கிரமே. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்ததும் குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்கு மழை. மழையில்லாத நாளிலும் மூடுபனி பிளையின் வெட்டு விளிம்பை நனைத்துக்கொண்டே இருக்கும்.

கதவைச் சுற்றிப் பட்டை அடிப்பது அழகுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஆனால் பட்டையே தண்ணீரை முழுதாகத் தடுத்துவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பட்டை மழையைத் திருப்பிவிடும். அதையும் மீறி உள்ளே வருவதை நிறுத்துவது உள்பக்க ரப்பர். இரண்டுக்கும் நடுவில் சிக்கிய தண்ணீர் கீழே வடிய வழி இருக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு அளவும் இந்த மூன்றையும் மனதில் வைத்துச் சொல்வதுதான்.

எந்தக் கதவுக்கு இந்த அளவுகள்

கதவு 900 மி.மீ. உயரம், 680 மி.மீ. அகலம், 18 மி.மீ. மரைன் பிளை (ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள்). சுவரும் அதே 18 மி.மீ. கதவு வெளிப்புறமாகத் திறக்கும். மூடினால் சுவரோடு சமமாக நிற்கும். கீல் இருப்பது இழுக்கும் வண்டியின் பக்கம், அதாவது முன்பக்கம். ஓடும்போது தாழ்ப்பாள் விட்டுப்போனாலும் எதிர்க்காற்று கதவை மூடவே பார்க்கும். பின்பக்கம் கீல் வைத்தால் அதே காற்று கதவைப் பிய்த்துவிடும்.

தாழ்ப்பாள் பக்கத்து இரண்டு மூலைகளையும், மூலையிலிருந்து இருபக்கமும் 75 மி.மீ. அளந்து, சாய்வாக வெட்டிவிடுங்கள். வளைவான மூலை பார்க்க நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் தட்டைப் பட்டையை அதன் அகலவாக்கில் வளைக்க வீட்டுப் பட்டறையில் முடியாது, நெளிந்துவிடும். முதல் டிரெய்லருக்குச் சாய்வு மூலையே போதும். கீல் பக்கத்து மூலைகள் நேர்மூலையாகவே இருக்கட்டும்.

வாங்க வேண்டியவை (இரண்டு கதவுக்கு)

அலுமினியம் செக்‌ஷன் கடையில் ஒன்றரை இன்ச் பட்டை, 3 மி.மீ. கனம், 12 அடி நீளத்தில் இரண்டு கேளுங்கள். கடையிலேயே ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டி ஆறடி ஆக்கிக்கொண்டால் மலை ஏற்றுவது சுலபம். மூன்று ஆறடித் துண்டில் இரண்டு கதவும் முடிந்துவிடும். நான்காவது, மூலை வெட்டிப் பழகவும் தவறினால் மாற்றவும். அதோடு முக்கால் இன்ச் ஆங்கிள் ஆறடி. இவற்றை வாங்க நீலகிரிக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம், கோவை. கொடைக்கானல் பக்கம் என்றால் வத்தலக்குண்டு, திண்டுக்கல்.

ஸ்டெயின்லெஸ் பியானோ கீல் (கதவு நீளத்துக்கு ஒரே துண்டாக ஓடும் கீல்) ஆறடி ஒன்று, விரித்தால் 50 மி.மீ. அகலம் வரும் வகை. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ, 6-ஆம் நம்பர், 16 மி.மீ. நீளம், பான் ஹெட் (அடி தட்டையான தலை), வாஷரோடு 75. கீலுக்கு அதே நீளத்தில் குழித்தலை ஸ்குரூ, துளை எண்ணிக்கைக்கு ஏற்ப. 12 மி.மீ. அகலப் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) 10 மீட்டர். நியூட்ரல் சிலிக்கான் ஒரு குழாய். எபாக்ஸி, கார் கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங், ஒரு பழைய டயர் டியூப்.

சிலிக்கான் வாங்கும்போது 'நியூட்ரல்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். புளிக்காடி வாசனை அடிக்கும் மலிவான வகை காயும்போது அமிலம் விடும், உலோகத்தை அரிக்கும். இரும்பு ஸ்குரூவும் பித்தளை ஸ்குரூவும் வேண்டவே வேண்டாம். முன்னது துருப்பிடிக்கும். பின்னது ஈரம் பட்டால் தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும்.

1. விளிம்பை அடைத்தல்

கதவு, சுவர்த் திறப்பு இரண்டின் வெட்டு விளிம்புக்கும் எபாக்ஸி இரண்டு கை. முதல் கையை மரம் குடித்துவிடும்; இரண்டாவதுதான் மேலே நிற்கும். மழைக்காலத்தில் திறந்த கொட்டகையில் கிடந்த பிளையை நேராக எடுத்துப் பூசாதீர்கள். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். சில நாள் வீட்டுக்குள் காற்றோட்டமாக நிறுத்தி உலர்த்துங்கள்.

திறப்பின் அடி விளிம்பை மட்டும் வெளிப்பக்கம் 2 மி.மீ. தாழ்வாக இழைத்துவிட்டுப் பூசுங்கள். வடிகால் இங்கேதான் தொடங்குகிறது. இதை விட்டுவிட்டால் பின்னால் எத்தனை குழாய் சிலிக்கான் அடித்தாலும் பயனில்லை.

2. இடைவெளி

கீல் பக்கம் 3 மி.மீ., மற்ற மூன்று பக்கமும் 4 மி.மீ. அந்தக் கனமுள்ள துண்டுகளைச் சொருகிக் கதவைத் திறப்பில் நிறுத்திப் பாருங்கள். எங்காவது 3 மி.மீ.க்குக் கீழே போனால் இப்போதே இழையுங்கள். ஈரத்தில் மரம் கொஞ்சம் ஊதும். பட்டை அடித்தபின் இழைக்க இடம் கிடைக்காது.

3. கீல்

கீலை 855 மி.மீ. அளவில் வெட்டுங்கள், கதவின் மேலும் கீழும் ஏறக்குறைய 22 மி.மீ. விட்டு நடுவில் நிற்கட்டும். அந்த இடம், மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் கதவின் ஓரம்வரை ஓடுவதற்கு.

கீல் பக்கம் பட்டை வேண்டாம். கதவிலிருந்து நீட்டி நிற்கும் பட்டை, கதவைத் திறக்கும்போது சுவரில் முட்டும். நிறையப் பேர் கதவைப் பொருத்தி முடித்த பிறகே இதைக் கவனிக்கிறார்கள். அந்தப் பக்கத்து இடைவெளியைக் கீலே மூடிக்கொள்ளும். ஆனால் கீலின் கணுக்களுக்கு நடுவே தண்ணீர் கசியும். அதனால் டியூபிலிருந்து 40 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, கீலின் இரண்டு இதழுக்கும் அடியில் போகும்படி வையுங்கள். நடுவில் 5 மி.மீ. தளர்வாக இடைவெளிக்குள் மடங்கி நிற்கட்டும். ரப்பருக்கு அடியில் இருபுறமும் பியூட்டைல், மேலே கீல், பிறகு ஸ்குரூ. கசிந்த தண்ணீர் ரப்பரின் மேலேயே ஓடிக் கீழே விழும்.

4. பட்டையை வெட்டுதல்

பட்டையின் 38 மி.மீ. அகலத்தில் 20 கதவின் மேல், 18 வெளியே நீட்டி நிற்கும். இடைவெளி 4 போக, சுவரை 14 மி.மீ. மூடும். கதவின் விளிம்பிலிருந்து 20 மி.மீ. உள்ளே, பட்டை வரும் பக்கங்களில் எல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பொருத்தும்போது அந்தக் கோடுதான் வழிகாட்டி.

ஒரு ஆறடித் துண்டில் தாழ்ப்பாள் பக்கத்துக்கு 770, மேலே 620, சாய்வுக்கு 125 இரண்டு கிடைக்கும். கீழே 620-ஐ அடுத்த துண்டில் எடுங்கள். இவை கொஞ்சம் கூடுதலாகச் சொன்ன அளவுகள். அரத்தில் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும்.

சாய்வு மூலையில் 45 பாகைத் திருப்பம் வருவதால் ஒவ்வொரு முனையையும் அதில் பாதி, 22.5 பாகையில் வெட்ட வேண்டும். சாய்வுத் துண்டின் வெளி ஓரம் 121 மி.மீ., உள் ஓரம் சுமார் 89 வரும். முதலில் அட்டையில் வெட்டிக் கதவின் மேல் வைத்துப் பாருங்கள். பொருந்தினால் அதையே பட்டையில் ஒட்டி வெட்டலாம். இன்சுக்கு 24 பல் உள்ள ஹாக்ஸா பிளேடு. மெழுகுவத்தியை அதில் தேய்த்துக்கொண்டால் அலுமினியம் பல்லில் அடைக்காது. வெட்டியதும் பிசிறை அரத்தால் எடுங்கள்; கதவோரம் பிடித்துத் திறக்கும் கையைக் கிழிக்கும்.

கீழ்ப் பக்க இணைப்பில் மட்டும் சிறிய மாற்றம்: கீழ்ப் பட்டைக்கும் அதை ஒட்டிய சாய்வுத் துண்டுக்கும் நடுவே 2 மி.மீ. திறந்து விடுங்கள். அது வடிகால்.

5. துளை

வெயிலில் நிற்கும் உலோகம் நீளும். ஜனவரி விடியலில் உறைபனி கொட்டும் ஊட்டியில் நிற்கும் வண்டி, அதே நாள் மதியம் மேட்டுப்பாளையம் வெயிலில் நின்றால் பட்டையின் வெப்பம் 35 பாகை செல்சியஸுக்குமேல் மாறும். 900 மி.மீ. அலுமினியம் அதற்கு முக்கால் மி.மீ. நீளும். நகர இடமில்லாவிட்டால் பட்டை நடுவில் புடைக்கும், அல்லது ஸ்குரூ மரத்தைத் தின்று தளரும்.

ஆகவே ஒவ்வொரு துண்டிலும் நடுத் துளை மட்டும் 3.5 மி.மீ.; மற்றவை 4.5. குழித்தலை ஸ்குரூ பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் குழிக்குள் உட்கார்ந்து பட்டையை அசையவிடாது. பான் ஹெட்டும் வாஷரும் கேட்டது இதற்காகத்தான். துளைகள் உள் ஓரத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி, 125 மி.மீ.க்கு ஒன்று, முனையிலிருந்து 25 மி.மீ. விட்டுத் தொடங்குங்கள். மரத்தில் 2 மி.மீ. முன்துளை.

16 மி.மீ.க்கு மேல் நீளமான ஸ்குரூ கூடாது. 25 மி.மீ. போட்டால் முனை கதவின் உட்புறம் எட்டிப் பார்க்கும். இரவில் இரண்டு பேர் மூச்சுவிடும் அறையில் அந்தக் குளிர்ந்த முனையில் நீர் முத்து முத்தாகக் கோத்து, பிளைக்குள் இறங்கும்.

6. பொருத்துதல்

காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை நல்ல நேரம். பனி படிந்த பரப்பில் டேப்போ சிலிக்கானோ பிடிக்காது. உலர்ந்தது போலத் தெரிந்தாலும் துடைத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் இன்னொரு முறை துடையுங்கள். பட்டையின் மேலுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். விட்டால் வெயிலில் வெந்து ஒட்டிக்கொள்ளும்.

பியூட்டைல் டேப்பை 20 மி.மீ. பகுதியில், ஸ்குரூ வரிசை அதன் நடுவே போகும்படி ஒட்டுங்கள். குளிரில் டேப் விறைத்திருந்தால் ஹேர் டிரையரால் சூடாக்கலாம். வெளியே நீட்டும் 18 மி.மீ.யில் எதுவும் ஒட்ட வேண்டாம்.

முதலில் தாழ்ப்பாள் பக்கம், பிறகு சாய்வுகள், மேல், கடைசியில் கீழ். நடு ஸ்குரூவை முதலில் போட்டு, இருபுறமும் மாறி மாறி நகருங்கள். கையால் முறுக்குங்கள், டிரில்லால் முறுக்கினால் மரத்தின் மறை ஒரே நொடியில் அழியும். டேப் ஓரத்தில் லேசாகப் பிதுங்கும்போது நிறுத்திவிடுங்கள். பிதுங்கியதை மறுநாள் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள். இப்போது பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் சுமார் 1 மி.மீ. இருக்கும். இருக்கட்டும்.

மேல் சாய்வின் இரண்டு இணைப்பிலும் சிலிக்கான் ஒரு மெல்லிய கோடு. கீழே எங்கும் வேண்டாம். சுற்றிலும் அடைத்தால்தான் பத்திரம் என்று தோன்றும். அப்படி அடைத்த கதவில்தான் தண்ணீர் போக வழியின்றிப் பிளையில் ஊறுகிறது.

7. மேலே ஒரு இறவாணம்

முக்கால் ஆங்கிளில் 800 மி.மீ. வெட்டி, மேல் பட்டைக்கு 25 மி.மீ. மேலே சுவரில் அடியுங்கள். ஒரு இதழ் சுவரோடு மேல்நோக்கி, மற்றது அடியில் வெளியே நீட்டியபடி. தாழ்ப்பாள் பக்கம் 10 மி.மீ. தாழ்வாக இருந்தால் கூரைத் தண்ணீர் கீலுக்கு வராது. பின்னால் பியூட்டைல், மேல் விளிம்பில் மட்டும் சிலிக்கான்.

உள்ளே, திறப்பைச் சுற்றி 15 மி.மீ. நீட்டிய தடுப்புக் கட்டையில் ரப்பர் பீடிங். அதன் இரண்டு முனையும் சந்திக்கும் இடம் மேலே வேண்டாம். கீழ்ப் பக்கம் வரட்டும்.

சோதனை

உள்ளே கதவோரம் செய்தித்தாள் விரித்து, வெளியே குழாய்த் தண்ணீரைக் கீழ் விளிம்பில் பத்து நிமிடம் விடுங்கள். தாளைப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில், பிறகு மேலே. மேலிருந்து தொடங்கினால் எந்த இடத்தில் கசிகிறது என்றே தெரியாது. தண்ணீர் நிறுத்தியதும் கீழே 2 மி.மீ. இடைவெளியில் சொட்டு விழ வேண்டும். விழாவிட்டால் பிதுங்கிய டேப் அடைத்திருக்கும், குச்சியால் எடுத்துவிடுங்கள்.

பிறகு மலைப்பாதை. கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவு போன்ற இடங்களில் ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போது டிரெய்லர் உடலே முறுக்கும். கிளம்பும்முன் கதவின் நான்கு மூலையிலும் பட்டையின் ஓரம் சுவரில் எங்கே நிற்கிறது என்று பென்சில் கோடு போடுங்கள். திரும்பி வந்து பார்த்தால் கோடு 1 மி.மீ.க்குமேல் விலகியிருந்தால், ஆடியது பட்டை அல்ல, டிரெய்லரின் உடல். சட்டத்தின் வெல்டிங்கையும் தரையை அதோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். ஸ்குரூக்களை முதல் பயணத்துக்குப் பிறகு ஒருமுறை கையால் கால் சுற்று முறுக்கிப் பார்க்கலாம், ஏனென்றால் டேப் அமுங்கி இடம் விட்டிருக்கும். அதன்பின் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு வடிகாலைக் குத்திவிட்டு, மேல் இணைப்பின் சிலிக்கான் உரிந்திருந்தால் பழையதை முழுதாகச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போடுங்கள். பழையதன் மேலே புதியது ஒட்டாது.