அம்மாவுக்கு ஒரு நினைவுப் போர்வை: பழைய துணிகளை இணைத்துத் தைக்கும் முறை

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு என்ன கொடுக்கலாம் என்று நாங்கள் நால்வரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, ரப்பர் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் குடியிருப்பை) விட்டு மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து அலமாரியின் அடித்தட்டில் அவிழ்க்கப்படாமலேயே கிடந்த துணி மூட்டை அக்காவின் நினைவுக்கு வந்தது. அப்பாவின் கைலிகள், அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது அணிந்த சட்டை, பாட்டியின் நைலெக்ஸ் (நைலான் வகை) சேலைகள், அக்காவின் கருநீலப் பள்ளிச் சீருடை, தம்பியின் பந்து விளையாட்டுச் சட்டை ஆகியவை அதில் இருந்தன. அவற்றைச் சதுரங்களாக வெட்டி ஒரே போர்வையாகத் தைத்து முடிக்க எனக்கு ஏழு வாரங்கள் பிடித்தன. அவற்றில் மூன்று வாரங்கள் நான் செய்த ஒரு தவற்றைத் திருத்துவதிலேயே போயின. தையல் இயந்திரத்தில் நேர்த்தையல் போடத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அளவு. ஆறரை அங்குலச் சதுரங்களாக வெட்டினால், தைத்த பிறகு ஆறு அங்குலம் நிற்கும். அகலத்தில் ஏழு, நீளத்தில் ஒன்பது என்று 63 சதுரங்கள் வைத்து, சுற்றிலும் மூன்று அங்குலக் கரை கொடுத்தால் 48 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் உள்ள போர்வை கிடைக்கும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பவர் காலில் போட்டுக்கொள்ள இது போதும். கரைக்கும் அடித்துணிக்கும் வாங்கும் புதுத் துணியைக் கட்டாயம் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். பழைய துணிகள் சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடித்துவிட்டன. புதுத் துணி பின்னர் சுருங்கினால் போர்வை முழுவதையும் இழுத்துவிடும். பாத்தேக் துணி (மெழுகிட்டுச் சாயமேற்றிய துணி) இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் அதை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதை வெள்ளைச் சீருடைச் சட்டையின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இனி நான் இடறி விழுந்த இடம். ஒரே போர்வையில் சேரும் துணிகள் ஒரே குணம் உடையவை அல்ல. கைலி சொன்னபடி கேட்கும். நைலெக்ஸ் சேலை கத்தரியின் கீழிருந்தே வழுக்கி ஓடும். பந்துச் சட்டையோ இழுத்த பக்கமெல்லாம் நீளும். நான் எல்லாவற்றையும் முதலில் வெட்டிவிட்டு, ஒரு பக்கம் பசையுள்ள ஒட்டுத்துணியைப் பிறகு தேய்த்து ஒட்டினேன். சூடு பட்டதும் பாட்டியின் சேலைச் சதுரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் கோணிக்கொண்டன, இரண்டு உருகியே போயின. ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: சேலையையும் பந்துச் சட்டையையும் எட்டு அங்குலத் துண்டுகளாக ஏறக்குறைய வெட்டி, அவற்றின் உட்புறத்தில் மெல்லிய ஒட்டுத்துணியை ஒட்டி, முற்றிலும் ஆறிய பிறகே ஆறரை அங்குலத்துக்குச் சரியாக வெட்ட வேண்டும். தேய்ப்புப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, இடையில் ஒரு பருத்தித் துணியைப் போட்டு, அழுத்தி எடுக்க வேண்டுமேயன்றி இழுத்துத் தேய்க்கக் கூடாது. மலாய்க்காரர் துணிக்கடையில் ‘கம்’ என்று கேட்டால் இந்த ஒட்டுத்துணி கிடைக்கும்; இருப்பதிலேயே மெல்லியதைக் கேளுங்கள், தடித்தது போர்வையை அட்டையாக்கிவிடும்.

அப்பாவின் வேலைச் சட்டையில் ரப்பர் பால் கறை பழுப்பேறிக் கிடந்தது. அதைத் துவைத்துப் போக்க முடியாது, போக்கவும் நான் விரும்பவில்லை. ஆனால் சூடு பட்டால் கறை இளகித் தேய்ப்புப் பெட்டியில் ஒட்டும் என்பதால், அந்தச் சதுரங்களின் மேல் கேக் சுடும் தட்டில் விரிக்கும் தாளை வைத்துத் தேய்த்தேன்.

வெட்டுவதற்கு ரோட்டரி கட்டரும் (உருளும் வட்டக் கத்தி) அதற்குரிய விரிப்பும் வாங்கிவிடுங்கள் என்பதே என் பிடிவாதமான கருத்து. கத்தரிக்கோல் துணியைத் தூக்கிக்கொண்டு வெட்டுவதால் 63 சதுரங்களும் ஒரே அளவில் வராது. இயந்திரத்தைப் பொறுத்தவரை புதியது எதுவும் தேவையில்லை. நான் தைத்தது அம்மாவின் பழைய சிங்கர் கால்மிதி இயந்திரத்தில்தான். அவர் கோயிலுக்குப் போகும் மாலைகளில் மட்டுமே தைக்க முடிந்ததாலும் வாரங்கள் இழுத்தன.

தையல் ஓரம் கால் அங்குலம். அது ஒவ்வொரு பக்கமும் அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) கூடினாலும் ஒன்பது சதுரங்கள் சேரும் நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும் என்பதால், ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி இயந்திரத் தகட்டில் ஒரு டேப்பை ஒட்டி, துணியின் விளிம்பை அதன்மேல் உரச விட்டுத் தைத்தேன். ஒரு வரிசையின் தையல் ஓரங்களை இடப்பக்கமும் அடுத்த வரிசையினுடையதை வலப்பக்கமும் மடித்துத் தேய்த்தால், வரிசைகளை இணைக்கும்போது மூலைகள் ஒன்றோடொன்று கொக்கி மாட்டியதுபோல் பொருந்திவிடும்.

சதுரங்களும் கரையும் சேர்ந்த மேல்துணிக்கும் அடித்துணிக்கும் இடையில் வரும் நடு அடுக்குக்குப் பலரும் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பைச் சொல்வார்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது வேண்டாம். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திக் கம்பளம் (பழைய போர்வை) ஒன்றையே நான் வைத்தேன். தலையணையில் இருக்கும் இலவம் பஞ்சை மட்டும் போட்டுவிடாதீர்கள், முதல் துவைப்பிலேயே அது உருண்டு திரண்டுவிடும். அடித்துணியும் கம்பளமும் மேல்துணியைவிட நான்கு பக்கமும் மூன்று, நான்கு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். அடித்துணியை அதன் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையில் இழுத்து ஒட்டி, மேலே கம்பளத்தையும் அதன்மேல் சதுரத் துணியையும் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஊக்குகளைக் குத்தி வாருங்கள்.

மூன்று அடுக்குகளையும் சேர்த்து இயந்திரத்தில் தைப்பது தொடக்கநிலையில் இருப்பவர்களுக்குச் சிரமம். நான்கு சதுரங்கள் கூடும் ஒவ்வொரு மூலையிலும் தடித்த பருத்தி நூலை மேலிருந்து கீழே குத்தி மேலே எடுத்து, இரட்டை முடிச்சுப் போட்டு ஓர் அங்குல வால் விட்டால் போதும். மொத்தம் 48 முடிச்சுகள். பிறகு ஓரங்களைச் சமமாக வெட்டி, இரண்டரை அங்குல அகலத் துணி நாடாக்களை இணைத்து நீளவாட்டில் இரண்டாக மடித்து, முன்பக்கம் இயந்திரத்திலும் பின்பக்கம் கையாலும் தைத்துவிடுங்கள்.

பின்னர் சேர்த்தது: பந்துச் சட்டையின் எண் உருகிவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். எண் அச்சிட்ட பக்கத்தில் தேய்ப்புப் பெட்டியை வைக்கவே கூடாது. உட்புறத்திலிருந்து மட்டும் அழுத்துங்கள். பட்டுச் சேலையைப் பற்றிக் கேட்டவருக்கு: சரிகையை விட்டு உடல் பகுதியை மட்டும் எடுங்கள், மடிப்பில் ஏற்கெனவே இற்றுப்போன இடத்தை எந்த ஒட்டுத்துணியும் காப்பாற்றாது.

இன்னொன்று. அம்மா போர்வையைப் போர்த்திக்கொள்வதே இல்லை. மடித்து அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆகுமென்றால் பிளாஸ்டிக் பையில் போடாமல் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி, முன்பு மடித்த கோட்டிலேயே மடிக்காமல் வேறு இடத்தில் மடித்து வையுங்கள்.