உறைபனிக் காலத்தில் முயல் கூண்டு

ஊட்டியிலும் கொடைக்கானல் மலையிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும். சில விடியற்காலைகளில் குளிர் 0 டிகிரியைத் தொடும். இதற்குப் பயந்து கூண்டைச் சுற்றிலும் பாலித்தீன் தாள் கட்டி மூடிவிடாதீர்கள். நல்ல ரோமமுள்ள, வளர்ந்த முயலுக்கு வெயில்தான் தாங்காது, குளிர் தாங்கும். மத்திய செம்மறி ஆடு ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் முயல் வளர்ப்பது கொடைக்கானலை அடுத்த மன்னவனூரின் குளிரில்தான். முயலை வீழ்த்துவது ஈரமும் ஊதல் காற்றும். காற்றோட்டமில்லாத கூண்டில் மூத்திரத்தின் அம்மோனியா தங்கி மூச்சுப் பாதையை அரிக்கும். முதலில் தும்மலும் மூக்குச் சளியும் வரும், கவனிக்காவிட்டால் நிமோனியா.

கூரையையும் காற்று வீசும் பக்கத்தையும் தார்ப்பாயால் மூடுங்கள். எதிர்ப்பக்கத்தில், மேலே ஒரு சாண் இடைவெளி திறந்தே இருக்கட்டும். தார்ப்பாய் முயலின் பல்லுக்கு எட்டக் கூடாது. கூண்டின் கால்கள் தரையிலிருந்து இரண்டடியாவது உயரமாக இருக்க வேண்டும்.

உள்ளே ஒரு மூலையில் மரப்பெட்டி வைத்து, அரை அடி உயரத்துக்கு உலர்ந்த வைக்கோலைத் திணியுங்கள். முயல் அதைக் குடைந்து தனக்கு இடம் செய்துகொள்ளும். நனைந்த வைக்கோலை அன்றன்றே அள்ளிவிடுங்கள். கம்பளி, பழைய துணி வேண்டாம். கடித்து விழுங்கினால் நூல் குடலை அடைக்கும். கரி அடுப்பை எந்தக் காரணத்துக்காகவும் கொட்டகைக்குள் வைக்காதீர்கள். அதன் புகைவாயு மனிதரையும் கொல்லும்.

தண்ணீர்தான் அதிகம் மறக்கப்படுவது. நிப்பிள் பாட்டிலில் தண்ணீர் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் முனையிலுள்ள குண்டு உறைந்திருக்கும். விடிந்ததும் விரலால் அழுத்திப் பாருங்கள். கனமான மண் சட்டியிலும் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். தண்ணீர் குடிக்காத முயல் தீனியும் தின்னாது, குடல் ஓட்டம் நின்றுபோகும். உலர்புல் எந்நேரமும் இருக்கட்டும். அது குடலில் நொதிக்கும்போது உண்டாகும் சூடு உடம்புக்கு உதவும். பனி படிந்த புல்லை உலர்த்திய பிறகே போடுங்கள்.

குட்டிகள் ரோமமில்லாமல் பிறக்கும், குளிர் அவற்றுக்கு ஆகவே ஆகாது. ஈனும் பெட்டியில் வைக்கோல் நிறைய வேண்டும். தாய் பிய்த்துப் போடும் ரோமத்தை அகற்றாதீர்கள். வெளியே விழுந்து சில்லிட்ட குட்டியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய பிறகே பெட்டிக்குள் விடுங்கள்.

காது மட்டும் குளிர்ந்திருந்தால் பயமில்லை. உடம்பும் சில்லிட்டுத் துவண்டு கிடந்தால், வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தாலும் அப்படியே.