தரையில் உட்கார்ந்து லூப் கட்டுவது எப்படி

நம் ஊரில் வயலினைத் தரையில் உட்கார்ந்து, அதன் தலையை வலது கணுக்காலில் ஊன்றித்தான் வாசிப்போம். லூப் பெடல் என்பது காலால் தட்டினால் வாசிப்பதைப் பதிந்து, திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் கருவி. அந்தச் சுற்றுதான் லூப். அதன்மேல் அடுக்கு அடுக்காக வாசித்துச் சேர்த்து, கூடவே பாடலாம். ஆனால் அது நின்று வாசிப்பவர்களை மனதில் வைத்துச் செய்தது. கல்லிடைக்குறிச்சி வீட்டு மச்சில் முதல் மாதம் முழுக்க எனக்குக் காலோடுதான் போராட்டம். இப்போது வலது கால் வயலினுக்கு. இடது முழங்காலை உயர்த்தி, குதிகாலைத் தரையில் அழுத்தி வைத்து, பெருவிரலால் மட்டும் பெடலைத் தட்டுகிறேன். குதிகால் எழும்பினால் உடம்பு ஆடும், வில்லும் ஆடும். அந்த நடுக்கம் பதிந்து சுற்றிச் சுற்றி வரும். பத்தமடைப் பாயில் பெடல் வழுக்கும். அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போடுங்கள்.

பிரிட்ஜில், அதாவது கம்பிகளைத் தாங்கும் கட்டையில், மாட்டி அதிர்வை மின்குறியாக மாற்றும் பீசோ பிக்கப்பை நேராகப் பெடலில் செருகினால் சத்தம் தகரம் கீறுவது போல வரும், நடுவே அந்தக் குறியைச் சீராக்க ஒரு ப்ரீஆம்ப் வேண்டும். ஸ்பீக்கரை மைக்குக்கு எதிரே வைக்காதீர்கள். ஓடுகிற லூப் மைக் வழியாக மறுபடி பதிந்து எல்லாம் கலங்கிவிடும்.

முதல் அடுக்கு வெறும் சட்ஜமமும் பஞ்சமமும் (ச, ப). நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை என்றால் ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம், அதாவது 8 எண்ணிக்கை கொண்ட ஒரு முழுச் சுற்று, 8 விநாடி. அது குறுகல், காது சீக்கிரம் சலித்துப்போகும். 2 ஆவர்த்தனம், 16 விநாடி எடுங்கள்.

இனிச் சொல்வதுதான் எனக்கு மிக முக்கியம்: லூப்பின் முடிவும் தொடக்கமும் ஒட்டுகிற இடம். வில்லைத் தொடங்கிய கணத்திலேயே பெடலை அழுத்தினால் ஒவ்வொரு சுற்றிலும் அங்கே ஒரு விக்கல் கேட்கும். அதனால் பதிவுக்கு முன்பே இழுக்க ஆரம்பித்துவிடுங்கள். வில்லின் நடுப்பகுதி கம்பியைக் கடக்கும்போது முதல் தட்டு. 16 விநாடி கழித்து, அதே திசையில், அதே நடுப்பகுதி கடக்கும்போது இரண்டாம் தட்டு. தட்டிய பிறகும் வில்லை நிறுத்தாதீர்கள். இது கைக்கு வர எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

ஆரம்பத்தில் தோடி ராகத்தின் காந்தார சுரத்தை அதன் அசைவோடு, அதாவது கமகத்தோடு, முதல் அடுக்கிலேயே வைத்தேன். நாலாவது அடுக்கில் தேன்கூடு கலைந்த மாதிரி ஒரே இரைச்சல். கீழே ஓடுவது அசையாத சுரமாக இருக்கட்டும். கமகமெல்லாம் மேலே நேரில் பாடுகிற குரலுக்கு. மோகனத்தில் தொடங்குங்கள், அரைச்சுர நெருக்கம் அதில் இல்லை, எது எதன்மேல் விழுந்தாலும் உறுத்தாது. ஹிந்தோளம் பிடிக்குமென்றால், அதில் பஞ்சமம் கிடையாது, முதல் அடுக்கில் அதை எடுத்துவிட்டு மத்தியமத்தைப் போடுங்கள்.

இரண்டாம் அடுக்குக்கு வில்லை விரல்பலகைப் பக்கம் நகர்த்தி, பாரமே இல்லாமல் இழுங்கள். ஆனி மாதச் சாரல் ஓட்டில் விழுவது போல மூச்சும் சுரமும் கலந்து வரும். மூன்றாவதற்கு வில் வேண்டாம், விரலால் கம்பியை மீட்டுங்கள். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் நாதத்தைப் போல எழுந்து அடங்குகிற ஒலி குரலுக்கு இடம் விடும். நான் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன்.

இதெல்லாம் நம் வாத்தியத்துக்கு ஆகுமா என்று கேட்கிறார்கள். வயலினே வெளியிலிருந்து வந்ததுதான். அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய பாலுஸ்வாமி தீட்சிதர் பக்கத்து எட்டயபுரம் அரண்மனையில் வித்வானாக இருந்தவர்.

ஒரு கல்யாண மண்டபத்தில் பாட்டின் நடுவே கரண்ட் போய், சேமிக்காத லூப் முழுக்க அழிந்தது. இப்போது வீட்டிலேயே முதல் அடுக்கைப் பெடலில் சேமித்துக்கொண்டுதான் கிளம்புகிறேன். பாடிக்கொண்டே அந்த சட்ஜம பஞ்சமத்தைப் பெடல் இல்லாமல் இழுக்கவும் தினமும் காலையில் பழகுகிறேன்.