டைனோசர் கண்ணு பத்தி பேசும்போது பண்ணக்கூடாத தப்புகள்

டைனோசர்னு பேச்சு வந்தாலே போதும், யாராவது ஒருத்தர் "அசையாம நின்னா டி.ரெக்ஸுக்கு நம்மள தெரியாதுல்ல"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. 1993ல வந்த ஜுராசிக் பார்க் படம் கிளப்பிவிட்டது, இன்னும் அடங்கல. அசையாத இரைய கண்டுக்காம விடுறது தவளை, டி.ரெக்ஸ் கதை வேற. 2006ல கென்ட் ஸ்டீவன்ஸ்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் டைனோசர் தலைங்கள மாடலா செஞ்சு, லேசர் அடிச்சு, கண்ண எங்கெங்க மூக்கும் கன்னமும் மறைக்குதுன்னு அளந்து பார்த்தார். ரெண்டு கண்ணும் ஒரே இடத்த சேர்ந்து பார்க்கிற அகலம் டி.ரெக்ஸுக்கு சுமார் 55 டிகிரி வந்துச்சு, இன்னைக்கு இருக்கிற பருந்துக்கே அவ்வளவு கிடையாது. அலோசாரஸ்ங்கிற இன்னொரு வேட்டை டைனோசருக்கு 20 டிகிரி கிட்டதான். தூரத்த சரியா கணிக்கணும்னா ரெண்டு கண்ணு பார்வையும் ஒண்ணு மேல ஒண்ணு விழணும், டி.ரெக்ஸோட மூஞ்சி முன்னாடி ஒடுங்கி இருக்கிறது அதுக்கு நல்லாவே வழி விட்டிருக்கு. போதாததுக்கு மூளைல மோப்பத்துக்கான பகுதியும் பெருசு, அதனால மூச்ச அடக்கிட்டு நின்னாலும் தப்பிக்க முடியாது.

அடுத்த தப்பு, மண்டை ஓட்டுல ஓட்டை எவ்வளவு பெருசோ கண்ணும் அவ்வளவு பெருசுன்னு நினைக்கிறது. மியூசியத்துல போய் பார்க்கிறவங்க எல்லாரும் இதத்தான் சொல்வாங்க. வளர்ந்த டி.ரெக்ஸோட கண் குழி வட்டமாவே இருக்காது, சாவி ஓட்டை மாதிரி மேல அகலமா கீழ குறுகலா இருக்கும், கண்ணு இருந்தது மேல் பக்கம் மட்டும்தான். குட்டிங்களுக்கு வட்டமாதான் இருந்திருக்கு. 2022ல ஸ்டீபன் லாட்டன்ஷ்லாகர்ங்கிற ஆராய்ச்சியாளர் கம்ப்யூட்டர்ல சோதிச்சு பார்த்தப்ப, பலமா கடிக்கும்போது மண்டையில ஏறுற அழுத்தத்த இந்த வடிவம் குறைக்குதுன்னு தெரிஞ்சுது. கடி பலமாகணும்னா கண்ணுக்கு இடம் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

குட்டின்னதும் லியலினாசாராங்கிற டைனோசர் ஞாபகம் வருது. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்து டைனோசர் கோவ்ல கிடைச்சது, 1989ல பேர் வெச்சாங்க (கண்டுபிடிச்ச ரிச் தம்பதியோட பொண்ணு பேரு!). அப்போ அந்த நிலம் தென் துருவத்துக்கு பக்கத்துல இருந்துச்சு, குளிர்காலத்துல வாரக்கணக்கா இருட்டு. மூளைல பார்வைக்கான பகுதியும் கண்ணும் பெருசா இருந்ததால இருட்டுல பார்க்கத்தான் இதுன்னு முடிவு கட்டிட்டாங்க. கேட்க அழகான கதைதான், ஆனா அந்த மண்டை ஓடு ஒரு குட்டியோடது, எந்த பிராணி குட்டிக்கும் தலைக்கு கண்ணு பெருசாதான் தெரியும். வயசு பார்க்காம கண்ணு அளவ வெச்சு கதை கட்டக்கூடாது.

ராத்திரி பார்வைக்கு நம்பிக்கையான ஆதாரம் வேணும்னா கண்ணுக்குள்ள இருக்கிற எலும்பு வளையத்த பார்க்கணும். கண்ணு அழுகிப் போயிடும், இந்த வளையம் சில சமயம் தங்கும். பறவைக்கும் பல்லிக்கும் இருக்கு, நமக்கும் முதலைக்கும் கிடையாது. வளையத்தோட உள் ஓட்டை பெருசா இருந்தா நிறைய வெளிச்சம் உள்ள போயிருக்கும்னு கணக்கு. மங்கோலியாவுல கிடைச்ச கோழி சைஸ் டைனோசர் ஷுவூயியாவுக்கு அது அவ்வளவு பெருசு, கூடவே உள்காதும் கூகை ஆந்தை அளவுக்கு நீளம், 2021ல ரெண்டையும் சேர்த்து வெச்சுதான் அது ராத்திரி வேட்டைக்காரன்னு சொன்னாங்க. வளையத்த மட்டும் நம்பினா சிக்கல்தான், 2011ல வெலாசிராப்டரும் ராத்திரி ஆளுன்னு ஒரு கட்டுரை வந்துச்சு, அந்த கணக்கு முறைக்கு அதே வருஷமே மறுப்பும் வந்துச்சு.

கலர் விஷயத்துல ரெண்டு பக்கமும் தப்பு பண்றாங்க. சிலர் மாடு, நாய் மாதிரி கலர் கம்மியா தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறாங்க, அது பாலூட்டிங்க பிரச்சனை, நம்ம முன்னோருங்க ராத்திரில ஒளிஞ்சு வாழ்ந்தப்ப தொலைச்சது. டைனோசரோட சொந்தக்காரங்களான பறவைக்கும் ஆமைக்கும் கண்ணுல நாலு வகை கலர் செல் இருக்கு, நமக்கு மூணுதான், அதனால பெரும்பாலான டைனோசருக்கும் நாலு இருந்திருக்கும்னுதான் எடுத்துக்கணும். அப்புறம் இன்னொரு கூட்டம், எல்லா டைனோசரும் புற ஊதாவுல உலகத்த பார்த்துச்சுன்னு நியான் கலர்ல படம் போட்டு ஷேர் பண்ணுது. பறவைங்கள்லயே கிளிக்கு அந்த நாலுல ஒரு செல் புற ஊதாவுக்கு, கோழிக்கும் புறாவுக்கும் ஊதாவுக்குன்னு பிரிஞ்சிருக்கு. டைனோசர்ல எது எந்தப் பக்கம்னு எலும்பு சொல்லாது, அதனால அந்த நியான் படமெல்லாம் ஓவியரோட கற்பனைதான்.