ஐப்பசி மழையிலும் நாறாத உரத் தொட்டி: டெல்டா வீடுகளுக்கு

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு வாளி வைக்க எல்லோருக்கும் தெரியும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூன்றாவதாக ஒன்றையும் கேட்டன: பேட்டரி, டியூப்லைட், காலாவதி மாத்திரை, பூச்சிமருந்து டப்பா. நாப்கின், டயாபரைத் தாளில் இறுகச் சுற்றிக் கொடுங்கள், பிரிப்பவரும் மனிதர்தான்.

பால் பாக்கெட்டின் மூலையை முழுசாக வெட்டி எறியாதீர்கள். அந்தத் துணுக்கு யார் கையிலும் சிக்காமல் வாய்க்காலுக்குப் போய்விடும். கீறிவிட்டு, கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

இனி மக்கும் குப்பை. நாலு பேர் வீட்டில் நாளுக்குச் சுமார் ஒரு கிலோ சேரும். 60 லிட்டர் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் மூன்று வாங்குங்கள். ரசாயனம் வந்த டிரம் வேண்டாம். மண் தொட்டி பார்க்க அழகு, கார்த்திகையில் தானே ஈரத்தைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். என் ஓட்டு பிளாஸ்டிக்குக்குத்தான். பக்கவாட்டில் நாலு விரல் இடைவெளியில் 8 மி.மீ. துளைகள், அடியில் ஐந்தாறு. இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் நாலு அங்குலத்துக்குத் தேங்காய் மட்டைத் துண்டுகள்.

தினமும் ஒரு கிண்ணம் குப்பைக்கு ஒன்றரைக் கிண்ணம் உலர்பொருள். முதல் தடவை மட்டும் கொஞ்சம் சாணிக் கரைசலோ புளித்த மோரோ தெளியுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள்.

எல்லாரும் சறுக்குவது அந்த உலர்பொருளில்தான். ரைஸ்மில்லில் உமி சும்மா கிடைக்கிறதே என்று அள்ளி வந்து கொட்டுவார்கள். உமியில் சிலிக்கா அதிகம். தண்ணீரை உறிஞ்சாது, லேசில் மக்காது. மேலே பார்த்தால் காய்ந்திருக்கும், அடியில் கறிகாய்த் தோல் தண்ணீர் விட்டு அழுகும். காற்றில்லாமல் அழுகினால் சாக்கடை நாற்றம்தான். சரி, உமிச் சாம்பலைப் போடலாமே என்றால், அது காரத்தன்மை கொண்டது. நிறையப் போட்டால் அம்மோனியா மூக்கைத் துளைக்கும்.

சரியான சரக்கு தென்னை நார்க்கழிவு. தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் நார் மில்களில் கேட்டால் கிடைக்கும். அதுவும் மெதுவாகத்தான் மக்கும் என்பதால் பாதி நார்க்கழிவு, பாதி சருகு என்று கலந்துகொள்ளுங்கள். துண்டாக நறுக்கிய வாழைச்சருகு, வைக்கோல் இரண்டும் ஆகும். மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே இரண்டு சாக்கு காயவைத்துக் கட்டிவிடுங்கள். ஐப்பசியில் தேடினால் ஊரில் காய்ந்த இலை ஒன்றுகூட இருக்காது.

பதம் பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். இரண்டொரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் நார்க்கழிவைக் கூட்டுங்கள். பொலபொலவென்று உதிர்ந்து எறும்பு ஏறினால் அரிசி கழுவிய தண்ணீரைத் தெளியுங்கள். வெள்ளைப் பூஞ்சை நல்லது. கொழுத்த பழுப்புப் புழு வந்தால் பயப்பட வேண்டாம், ஈரம் கூடியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. பழைய சோறு கட்டி கட்டியாகக் கிடந்து காற்றை அடைக்கும்; பிசிறிப் போடுங்கள்.

டிரம் நிரம்ப ஏறக்குறைய ஒரு மாதம். பிறகு இரண்டு மாதம் குப்பை போடாமல் வாரம் ஒருமுறை கிளறுங்கள். மண்வாசனை வந்ததும் சலித்து, நிற்கும் கட்டியை அடுத்த டிரம்முக்கு விதையாகப் போடலாம்.

பிற்சேர்க்கை: சல்லடையில் சிக்குவது பெரும்பாலும் பூமாலை நூல். வாழைநாரில் கட்டியது மக்கிவிடும், நைலான் நூல் கிளறும் கம்பியில் சுற்றிக்கொள்ளும். போடும்போதே உருவிவிடுங்கள்.

கல்யாணத்துச் சாப்பாட்டு இலை டிரம்முக்கு அடங்காது. அதற்காகக் கொல்லையில் குழி வெட்டாதீர்கள். நம் களிமண்ணில் ஐப்பசி முதல் மார்கழி வரை குழி குட்டையாகிவிடும். மேடான இடத்தில் இலையைக் கிழித்து, சருகோடு அடுக்கடுக்காக இடுப்பளவு குவித்து, மேலே தென்னங்கீற்றுப் போட்டு மூடுங்கள்.